மூன்றாம் முறை கூப்பிட்டபோது

கிளிநொச்சி
12.05.1963

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் சட்டை முதுகு காய்ந்திருந்தது. அதைத்தான் நான் முதலில் கண்டேன். முந்தநாள் மத்தியானம் வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றோம். ஐயாவின் முதுகில் வியர்வை வழிந்தது. நாகேஸ்வரி மாமி கழுத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார். என் சட்டையைப் பிழிந்திருக்கலாம். காலையிலிருந்து எங்களோடு குனிந்து நின்ற அம்மாவுக்கு மட்டும் ஒரு துளி வியர்க்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். வைகாசி வெயிலில் அம்மாவின் கை குளிர்ந்திருந்தது.

சுகம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி விடுதிச் சாப்பாடு இப்போதாவது பரவாயில்லையா? ஐயாவுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை.

அம்மா நடக்கும்போது தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடக்கிறார். ஏதாவது கேட்டால் மறுமொழி வருவதற்குள் நான் ஒரு தேங்காயைத் துருவிவிடலாம். குரல் ஆண்குரல்போல் தடித்துவிட்டது. நான் ஏழாம் வகுப்போடு நின்றபோது வீட்டில் அம்மாவுக்குக் கை உதவி என்றுதானே சொன்னார்கள். இப்போது குசினி முழுவதும் என்னிடம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மைமல் பொழுதில், விளக்கு வைக்கும் நேரத்தில், அம்மா குசினி வாசலில் இருந்துகொண்டு விமலாவைக் கூப்பிடுகிறார். நம்மோடு கூடப்பிறந்த விமலேஸ்வரியை. அவள் காய்ச்சலில் செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. “விமலா. விமலா. எடி விமலா.” வேலிக்கு அப்பால் நின்ற நாகேஸ்வரி மாமி என்னை இழுத்துப் பிடித்துச் சொன்னார்: “எடி பிள்ளை, செத்தவையின்ர பேரை மூண்டு தரம் கூப்பிட்டு ஒருத்தரும் மறுமொழி சொல்லாட்டி, அவை வந்திடுவினம். வந்தா தனியப் போகாயினம்.”

அன்று மூன்றாம் முறை கூப்பிட்டபோது நான் குசினி ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். பிறகு அம்மா எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

இது என்ன வருத்தம், என்ன நோய் அக்கா? அங்கே யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
அருந்ததி


கொழும்பு
25.05.1963

அன்புத் தங்கை அருந்ததிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கால்தான் வலி. நேர்ஸ் படிப்பென்று வார்டில் நாள் முழுக்க நிற்கிறோம். விடுதிக் குழம்பைப் பற்றிக் கேட்காதே.

நீ எழுதியதை நாலு தரம் வாசித்தேன். நான் கேட்பவற்றுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி எழுது. அம்மாவின் முகம் ஊதியிருக்கிறதா? தலைமயிர் கொட்டுகிறதா? தோல் காய்ந்து சொரசொரப்பாக இருக்கிறதா? நாக்குத் தடித்திருக்கிறதா? புருவத்தின் வெளிப்பக்கத்தைப் பார். அங்கே மயிர் இருக்கிறதா?

நாகேஸ்வரி மாமியின் கதையைக் கேளாதே. மாமி எனக்கு ஆமை இறைச்சி தின்றால் கணக்கு ஓடாது என்று சொன்னவர். நாங்கள் மீனே தின்பதில்லை, எனக்குக் கணக்கும் ஓடவில்லை.

விமலா என்ன சொல்கிறாளாம்? அம்மாவுக்கு மறுமொழி கேட்கிறதா, அல்லது சும்மா கூப்பிடுகிறாரா? அதையும் எழுது.

அக்கா
கமலாசனி


கிளிநொச்சி
09.06.1963

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கால்வலிக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள். இங்கே மழை இல்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர்தான் வருகிறது.

நீங்கள் கேட்ட எல்லாம் இருக்கிறது. முகம் ஊதியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. தலை இழுத்தால் சீப்பு நிறைய மயிர். நாக்கு வாய்க்குள் அடங்காததுபோலக் கதைக்கிறார். பொட்டு வைத்துவிடும் சாட்டில் புருவத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் வெறும் தோல். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இருந்து நான் அதைக் காணவில்லை.

ஐயா போன செவ்வாய்க்கிழமை ஒருவரைக் கொண்டு பேய்க்குக் கழிப்புக் கழிப்பித்தார். நீற்றுப்பூசணிக்காய் வெட்டி, தேசிக்காய் வெட்டி, அம்மாவைச் சந்தியில் இருத்தி மூன்று முறை சுற்றினார்கள். அம்மா இருந்த இடத்திலேயே நித்திரையாகிவிட்டார். கழிப்புச் செய்தவர் “பேய் அடங்கிப்போச்சு” என்றார். ஐயா சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா நாலு கோப்பை கழுவி வைத்தார். நாங்கள் மூன்று பேர்தானே. நாலாவது யாருக்கு என்று ஐயா கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார், நெடுநேரம் கழுவினார்.

அம்மாவுக்கு மறுமொழி கேட்கிறதாம். “என்ர பிள்ளை வந்து நிக்குது” என்று மாமியிடமே சொன்னார். மாமி அதற்குப் பிறகு எங்கள் படலைக்கு இந்தப் பக்கம் வருவதில்லை.

மாடு கத்துகிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அருந்ததி


கொழும்பு
04.07.1963

அன்புத் தங்கைக்கு,

நீ கடிதத்தை முடிக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மாடு ஒரு பத்து நிமிடம் பொறுக்கும்.

பயப்படாதே. இது பேய் இல்லை. எங்கள் வார்டுப் பெரிய டொக்டரிடம் உன் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். புருவம் என்றதும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். “உன் தங்கை எத்தனையாம் வகுப்பு?” என்று கேட்டார். சொன்னேன். கடிதத்தை வாங்கித் தானே மறுபடி வாசித்தார்.

கழுத்தின் முன்பக்கம், தொண்டைமணிக்குக் கீழே, ஒரு சுரப்பி இருக்கிறது. தைரொயிட் என்பார்கள். அதில் ஊறுவது இரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. அடுப்புக்கு விறகுபோல. அம்மாவுக்கு அது வற்றிவிட்டது. அதனால்தான் குளிர், வீக்கம், மந்தம் எல்லாம். மூளைக்கும் அது வேண்டும். அது போகாவிட்டால் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாத ஆள் தெரியும். மூளைக்குள் போய் அது என்ன செய்கிறது என்று டொக்டரிடம் கேட்டேன். “மற்ற உறுப்பிலெல்லாம் ஓரளவு அளந்து சொல்லலாம். மூளைக்குள் அது என்னவாக மாறுகிறது, எதைத் தொடுகிறது என்று இன்னும் சரியாக ஒருவருக்கும் தெரியாது. கொடுத்தால் ஆள் திரும்பி வருகிறார் என்று மட்டும் தெரியும்” என்றார்.

இத்துடன் டொக்டரின் கடிதம் இருக்கிறது. ஐயாவிடம் கொடு. ரயிலில் அம்மாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கழிப்புக்குப் போன கால் அங்கேயும் போகட்டும்.

டொக்டர் இன்னொன்றும் கேட்டார். அந்தக் குரல் என்ன சொல்கிறதாம்? திட்டுகிறதா, வா என்று கூப்பிடுகிறதா? முன்பே கேட்டேன். நீ அதற்கு எழுதவில்லை.

கமலாசனி


கிளிநொச்சி
18.08.1963

அன்புள்ள அக்காவுக்கு,

மறுமொழி பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். அம்மா பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் நிலத்தில் பாய் போட்டுக் கூடவே இருந்தேன். நீங்கள் சோதனைக்குப் படிக்கும் நேரம் என்று ஐயா சொன்னபடியால் எழுதவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உங்கள் டொக்டர் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். மருந்து ஒரு சின்னக் குளிசை. முதலில் பாதி. இருதயம் தாங்க வேண்டுமாம், அதனால் மெதுவாகக் கூட்டுகிறார்கள். காலையில் வெறுவயிற்றில் நான்தான் கொடுக்கிறேன்.

ரயிலில் வரும்போது பளையில் வடை விற்றவனை அம்மா கூப்பிட்டார். வடையைக் கடித்துவிட்டு, “இது வடையோ, ரயில் சில்லோ?” என்று கேட்டார். ஐயா சிரித்த சிரிப்பில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ஆனால் அக்கா, அம்மா பகிடி விட்டு ஒரு வருடம் இருக்கும்.

அந்தக் குரல் திட்டுவதில்லை. வா என்று கூப்பிடுவதுமில்லை. டொக்டரிடம் அப்படிச் சொல்லுங்கள்.

அருந்ததி


கொழும்பு
30.08.1963

அன்புத் தங்கைக்கு,

வடைக் கதையை விடுதியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அம்மா சுகமாகிறார். இங்கே எனக்கும் பசிக்கத் தொடங்கிவிட்டது.

இதை வாசித்துவிட்டு அடுப்பில் போடு. அந்தக் குளிசை ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்து இடித்துச் செய்வது. பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் வாயில் வைக்காத அம்மாவுக்கு இது தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார். ஐயாவுக்கும் சொல்லாதே, ஐயாவின் முகம் சொல்லிவிடும். சாகும்வரைக்கும் ஒரு நாளும் விடாமல் போட வேண்டிய மருந்து இது. நிறுத்தினால் நாலைந்து கிழமை ஒன்றும் தெரியாது. பிறகு பழையபடி எல்லாம் வரும், இதைவிட மோசமாகவும் வரலாம். வார்டில் ஒரு பெண் நிறுத்திவிட்டு வந்தார். எழும்பவே இல்லை. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

திட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை என்றால் என்னதான் சொல்கிறது? உனக்கு எப்படித் தெரியும்?

கமலாசனி


கிளிநொச்சி
06.10.1963

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று ஐயாவுக்கு எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி?

அம்மாவின் முகம் வற்றி, பழைய முகம் வந்துவிட்டது. குரலும் வந்துவிட்டது. அந்தக் குரலால் நாள் முழுக்க எனக்கு ஏச்சுத்தான். “எடி, இது சொதியோ, வாய்க்கால் தண்ணியோ? ஒரு மிளகாய்க்கு இவ்வளவு தண்ணியே!” நாகேஸ்வரி மாமி படலை தாண்டி வந்து, “பேய் போட்டுது, நாக்கு வந்திட்டுது” என்றார். அம்மா, “உம்மட நாக்கு எங்க போனது, இவ்வளவு நாளும் காணேல்லை?” என்று திருப்பிக் கேட்டார்.

ஆனால் மைமல் பொழுதில் அம்மா குசினி வாசலில் வந்து இருக்கிறார். புத்தி தெளிந்த பிறகும். முந்தாநாள் கூப்பிட்டார். “விமலா. விமலா. எடி விமலா.” நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிட்டேன். திரும்பி வரும்போது அம்மா அதே இடத்தில் இருந்தார். “இப்ப அவள் வாறேல்லை பிள்ளை. எனக்குச் சுகம் வந்தாப்போல அவள் விலத்திப் போட்டாள்” என்றார். அழவில்லை.

கடிதத்தை எரிக்கவில்லை. உங்கள் எழுத்தை எரிக்க மனம் வரவில்லை. அலுமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அருந்ததி


கொழும்பு
14.10.1963

அன்புத் தங்கைக்கு,

தடிமன் போய்விட்டது. அவசரமாக எழுதுகிறேன். கந்தசஷ்டி வருகிறது. அம்மா ஆறு நாளும் உபவாசம் இருப்பார். என்ன விரதமென்றாலும் குளிசையை நிறுத்தக்கூடாது. தீபாவளிக்கு லீவு இல்லை. அந்தக் கடிதத்தை எரி.

கமலாசனி


கிளிநொச்சி
28.11.1963

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு கிழமையாக எழுதவில்லை. நீங்கள் ஐயாவுக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் என்னை விசாரித்திருந்தீர்கள். சோதனை எழுதி முடித்திருப்பீர்கள், நன்றாகச் செய்திருப்பீர்கள்.

விரதத்தில் அம்மா குளிசை எடுக்கமாட்டேன் என்றார். “முருகன்ர விரதத்தில ஒண்டும் வாயில வைக்கமாட்டன்” என்றார். பாறணை முடிந்ததும் மறுபடியும் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை சேலை தோய்க்கும்போது தலைப்பில் ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே எல்லாக் குளிசையும். தண்ணீர் பட்டுக் கரைந்து மாப்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவின் குரல் மறுபடியும் தடிக்கிறது. நேற்றுப் போர்வை கேட்டார்.

முதலில் உங்கள் கடிதத்தைக் கண்டுவிட்டார், ஆட்டு மருந்து என்று தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் அலுமாரியைப் பார்த்தேன். கடிதம் மடித்தபடி இருந்தது. பிறகு எனக்கு விளங்கியது.

அக்கா, நான் ஒன்றை உங்களுக்கு எழுதாமல் விட்டேன். அந்த மறுமொழி சொன்னது நான்.

மாமி சொன்ன கதைக்குப் பயந்து செய்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது யாராவது மறுமொழி சொன்னால் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். தட்டிக்குப் பின்னால் நின்று, சின்னப்பிள்ளைக் குரலில், “ஓம் அம்மா” என்றேன். பேய் வராமல் தடுக்கத்தான். அம்மா கேட்டார்: “இன்னும் தண்ணி விடாய்க்குதே பிள்ளை?”

உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது நாலு வயது, கேள்விப்பட்டதுதான். காய்ச்சலுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று மருந்து கொடுத்த பரியாரியார் சொன்னபடியால் அம்மா கொடுக்கவில்லை. விமலா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

நான், “இல்லை அம்மா, குடிச்சிட்டன்” என்றேன்.

அம்மாவின் முகத்தைத் தட்டி ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் குடிச்சிட்டன் என்றேன். ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அம்மாவின் கண் தெளிந்திருந்தது, பிடித்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். அம்மா குளிசைதான் விமலாவைத் துரத்தியது என்று நினைக்கிறார். அவள் வரட்டும் என்று வருத்தத்தைக் கூப்பிடுகிறார்.

சொன்னால் அந்தத் தண்ணீரை அம்மாவிடமிருந்து பறிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவார். சில நேரம் குசினியில் தனியே நிற்கும்போது, நான் வாயைத் திறக்காமலே அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. எனக்கும் சுரப்பி வற்றிவிட்டதா அக்கா?

அருந்ததி


கொழும்பு
03.12.1963

என் தங்கச்சிக்கு,

உனக்கு ஒன்றும் வற்றவில்லை. உனக்குக் கேட்பது பயம்.

தந்தி அடிக்கலாம் என்று தபாற்கந்தோர் வரைக்கும் போனேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். லீவு கேட்டேன், பத்தொன்பதாம் திகதிக்கு முதல் இல்லை என்றார்கள். நீ எழுதியபடி பார்த்தால் அதுவரை பொறுக்கமுடியாது.

விமலாவின் அந்தக் காய்ச்சலின்போது எனக்குப் பத்து வயது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். நானும் கொடுக்கவில்லை. அந்த வாசலில் நான் நின்றிருந்தால் நானும் உன்னைப்போலத்தான் மறுமொழி சொல்லியிருப்பேன்.

அம்மாவிடம் சொல். வெளிச்சம் இருக்கும்போது சொல்.

அக்கா


கிளிநொச்சி
11.12.1963

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. ஐயா சுகம். இங்கே மூன்று நாளாக மழை, வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. நேற்றுத்தான் வெளித்தது.

நேற்றுப் பின்னேரம் ஐயா வரம்பு கட்டப் போயிருந்தார். அம்மா போர்வையோடு குசினி வாசலில் இருந்தார். நான் குளிசையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

“நீங்கள் இதை விழுங்குறேல்லை, எனக்குத் தெரியும்” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். “ஆட்டுக் கழுத்தெண்டு பயப்பிடுறன் எண்டு நினைச்சியே? ஆஸ்பத்திரியில முதல் நாளே நேர்ஸ்பிள்ளை சொன்னவள். தெரிஞ்சுதான் விழுங்கினனான். நீ நிலத்தில படுத்துக் கிடந்தாய், கொப்பர் வாசல்ல குந்திக் கொண்டிருந்தார். என்ன செய்யிறது? கண்ணை மூடிக்கொண்டு, முருகா எண்டு விழுங்கினனான்.”

“அப்ப ஏன் இப்ப விட்டனீங்கள்?”

“அது உனக்கு விளங்காது. நீ போய் விளக்கைத் துடை.”

நான் போகவில்லை. அம்மா என்னை மறந்தவர்போல வளவுப் பக்கம் திரும்பினார். “விமலா” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, “விமலா.” வெயில் இன்னும் முற்றத்தில் இருந்தது. அம்மாவின் கண்ணுக்குள் என் முகம் தெரியும் அளவுக்குக் கிட்டக் குந்தினேன்.

“எடி விமலா.”

“ஓம் அம்மா” என்றேன். அந்தக் குரலில். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா மெதுவாகக் கையைத் தூக்கி என் தொண்டையில் வைத்தார். கை குளிர்ந்திருந்தது.

“இன்னொருக்காச் சொல்லு.”

“ஓம் அம்மா.”

“இஞ்சையிருந்தே வந்தது? எல்லா நாளும்?”

“ஓம்” என்றேன், என் குரலில்.

அம்மா கையை எடுக்கவில்லை. முற்றத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. “அப்ப அவள் குடிக்கேல்லை” என்றார்.

நான் அழுதேன். அம்மா அழவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவும் இல்லை. பக்கத்து வளவில் நாகேஸ்வரி மாமி கோழி கூப்பிடும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை அப்படியே இருந்தோம்.

“இனி அந்தக் குரலில கதையாதை பிள்ளை” என்றார் அம்மா. தொண்டையிலிருந்த கையை எடுத்து, என் முன்னால் விரித்தார்.

நான் குளிசையை அந்தக் கையில் வைத்தேன். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்து, அம்மா குடித்து முடிக்கும்வரை செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அருந்ததி